கீபோர்டு முன்னே நிற்கும் ராக் இசையைத் தேடிப் பிடிப்பது எப்படி

இலங்கை மலையகத்து ஹட்டனில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு திருத்துகிற சின்னக் கடை என்னுடையது. மழைக்காலம் பிடித்துக்கொண்டால் கீபோர்டு வேலை கூடும். கட்டைகளுக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டியில் ஈரம் ஏறிப் பூசணம் பிடித்துவிடும். 'ச' அடித்தால் சத்தமே வராது, 'ரி' தொட்டாலே அலறும். தோட்டத்துத் திருவிழாக்களுக்கு வாசிக்கிற இசைக்குழுப் பையன்கள் பெட்டியைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார்கள். பட்டியைக் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் பூட்டும் வரை அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான் போடுகிற பாட்டைத்தான் அவர்களும் கேட்டாக வேண்டும்.

போன வருஷம் ஒருவன் கேட்டான்: "அண்ணே, இதுல கிட்டார் எங்க?"

"இதுல கிட்டாரே இல்ல தம்பி. அம்புட்டும் ஓர்கன்."

நம் பக்கத்தில் கீபோர்டையும் ஓர்கன் என்றுதான் சொல்வோம். அவன் தன் யமஹாவைப் பார்த்தான், என் ஸ்பீக்கரைப் பார்த்தான். "இது மாதிரி இன்னும் எப்படித் தேடுறது?" என்றான். அவனுக்கு அன்று சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் இதற்குள் விழுந்தது ஒரு திருத்த வேலையில்தான். தொண்ணூறுகளில் கண்டியில் நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு கசெட். யார் பாட்டு என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஒருவர் கிட்டாரோடு அமைதியாகப் பாடுகிறார். கடைசி ஒரு நிமிடத்தில் ஏதோ ஒன்று அடிவயிற்றிலிருந்து வழுக்கி மேலே ஏறுகிறது, திரும்ப வழுக்கி இறங்குகிறது. டெக்கில் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பெல்ட்டை மாற்றினேன். ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பிஞ்ச் ரோலரையும் மாற்றினேன். அப்படியும் அதே வழுக்கல். மற்றப் பாட்டெல்லாம் சுருதி அசையாமல் ஓடுகிறது. அப்புறம்தான் புரிந்தது, மெஷினில் பழுதில்லை, அந்த மனுஷன் வாசிப்பதே அப்படித்தான். அது எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு 1970-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் வருகிற 'லக்கி மேன்'. வாசித்தவர் கீத் எமர்சன், வாசித்த பெட்டி மூக் சிந்தசைசர், மின்சுற்றாலேயே சத்தத்தை உண்டாக்குகிற கீபோர்டு.

அந்தப் பாட்டின் பெயரைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது. உங்களுக்குப் போனில் அரை நிமிடம். ஆனால் போனில் ஒரு தொல்லை உண்டு. இந்த வகை இசைக்கு 'புரோக்ரசிவ் ராக்' என்று பெயர்; அப்படி அடித்தால் ஒரே பத்துப் பாட்டைத்தான் சுற்றிச் சுற்றிக் காட்டும், அதிலும் பாதி கிட்டார் வீரம். அதனால் வகையின் பெயரை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு போங்கள். முதலில் நாலு பெட்டிகளின் குரலைக் காதுக்குப் பழக்குங்கள்.

ஹேமண்ட் ஓர்கன் முதலாவது. உள்ளே பல் வைத்த இரும்புச் சக்கரங்கள் காந்தத்தின் முன்னால் சுற்றும். பி-3 என்ற பேர்போன மாடலில் 91 சக்கரங்கள். எல்லாவற்றையும் ஒரு மோட்டார் சுற்றுகிறது. ஓடும்போது அந்த மோட்டாரை நிறுத்தினால் சுருதி அப்படியே சரிந்து இறங்கும். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் இருக்கிறவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். இதோடு லெஸ்லி என்று ஒரு ஸ்பீக்கர் சேரும். மரப் பெட்டிக்குள் குழாய் சுழன்றுகொண்டே இருக்கும். திருவிழாவில் லொறியில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வளைவு திரும்பும்போது சத்தம் கிட்ட வந்து விலகுமே, அதை நொடிக்குப் பல தடவை செய்தால் எப்படி இருக்கும், அதுதான் லெஸ்லி. பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' (1971) பாட்டின் தொடக்கத்தில் தண்ணீர்ச் சொட்டு மாதிரி 'டிங்' என்று விழுவது ரிச்சர்ட் ரைட்டின் பியானோ ஸ்வரம், லெஸ்லி வழியாக வருவது. தகரக் கூரையில் மழை ஓய்ந்து, பீலியிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழும் நேரத்தில் ஒருமுறை இதைப் போட்டேன். எந்தச் சொட்டு பாட்டினுடையது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

அடுத்தது மெலோட்ரான். இதைத் திறந்து பார்க்கக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்யத் தொடங்கினார்கள். 1970-இல் வந்த எம்-400 மாடலில் 35 கட்டைகள், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனியாக ஒரு டேப் துண்டு. அந்த டேப்பில் நிஜமான வயலின்காரர்களோ பாடகர்களோ இசைத்த ஒற்றை ஸ்வரம். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், எட்டு வினாடி அளவில் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். முப்பத்தைந்து கசெட் பிளேயரை ஒரே பெட்டிக்குள் அடைத்த மாதிரி! எத்தனை பழுது வந்திருக்கும் என்று நினைத்தாலே கை நமநமக்கிறது. சத்தம் கூட்டு வயலின் மாதிரி இருக்கும், ஆனால் லேசாக நடுங்கும், வாசிக்கிறவர்கள் பனிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி. கிங் கிரிம்சனின் முதல் இசைத்தட்டு (1969), ஜெனசிஸ் குழுவின் 'ஃபாக்ஸ்ட்ராட்' (1972) தொடங்குகிற இடம், இரண்டும் போதும். மூடி ப்ளூஸ் குழுவின் மைக் பிண்டர் இந்தப் பெட்டியைச் செய்த பட்டறையிலேயே வேலை பார்த்தவர். திருத்துகிறவனே வாசிக்கிறவனாகவும் ஆனான் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மூன்றாவது மூக். அதைத்தான் மேலே சொன்னேன். 1970-இல் வந்த மினிமூக்கில் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் பேசும், இரண்டு கட்டையை அமுக்கினாலும் ஒன்றுதான். நாதஸ்வரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் குழைவும் கமகமும் அதில் நன்றாக வருகிறது. நாலாவது ஃபெண்டர் ரோட்ஸ், சின்னச் சுத்தி இரும்புக் கம்பியைத் தட்டும் மின்பியானோ; மணியோசையும் பியானோவும் கலந்த சத்தம்.

ஒரு வாரம் இந்த நாலை மட்டும் கேளுங்கள். பிறகு எந்தப் பாட்டைக் கேட்டாலும் "இது ஹேமண்ட், இது மெலோட்ரான்" என்று காது பிரித்துக் கொடுக்கும். இளையராஜா பாட்டில் அந்தக் கீபோர்டு யார் வாசித்தது என்று தேடிப் போய் விஜி மானுவல் என்ற பெயரைக் கண்டுபிடித்தவர்களுக்கு அடுத்த வேலை ஏற்கெனவே பழக்கம்: ஆளைப் பிடிப்பது.

குழு உடையும், ஆள் அடுத்த குழுவுக்குப் போவான், கை மட்டும் மாறாது. டேவ் ஸ்டூவர்ட் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எக் என்ற குழு. ஓர்கன், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். பிறகு ஹாட்ஃபீல்ட் அண்ட் த நார்த், அதற்குப் பிறகு நேஷனல் ஹெல்த். இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டால் ஒரு பையன் வளர்ந்து ஆளாவதைப் பக்கத்து வீட்டில் இருந்து பார்த்த மாதிரி இருக்கும். ஹாட்ஃபீல்டில் பாடியவர் ரிச்சர்ட் சின்கிளேர். அவர் முன்பு இருந்தது கேரவன் குழுவில். அங்கே ஓர்கன் வாசித்தவர் அவருடைய உறவுக்காரர் டேவ் சின்கிளேர். அவருடைய 'நைன் ஃபீட் அண்டர்கிரவுண்ட்' (1971) இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் போகும், எனக்கு இந்த உலகத்திலேயே மிகவும் பிடித்த ஓர்கன் வாசிப்பு. முரட்டுத்தனமே இல்லாமல், சாயந்தரம் வேலை விட்டு வீட்டுக்கு நடந்து போகிற வேகத்தில் போகும். பாருங்கள், ஒரு பெயரில் தொடங்கினோம், நாலு குழு கைக்கு வந்துவிட்டது.

ரிக் வேக்மனையும் இப்படிப் பிடிக்கலாம். முதலில் 1969-இல் டேவிட் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி'யில் மெலோட்ரான், அப்புறம் ஸ்ட்ராப்ஸ், பிறகு 1971-இல் யெஸ். ஆனால் ஒரு எச்சரிக்கை. அவர் தனியாகச் செய்தவற்றில் ஆடம்பரம் கூடிப் போகும். ஆர்தர் ராஜா கதையை 1975-இல் லண்டன் வெம்ப்ளியில் பனிச் சறுக்கு ஆட்டத்தோடு மேடையேற்றியவர் அவர். அதை ரசிக்கிறவர்கள் ரசிக்கட்டும், எனக்குக் கல்யாண வீட்டில் ஏழு கறிக்கு மேல் எட்டாவதையும் இலையில் போட்ட மாதிரி இருந்தது. அவரை யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) பாட்டில் கேளுங்கள். நடுவில் வரும் மாதா கோவில் ஓர்கன் லண்டனில் நிஜமான தேவாலயம் ஒன்றில் பதிந்தது.

ஆள் வழி முடிந்தால் இசைத்தட்டுக் கம்பனி வழி இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. எமர்சன் குழுவினர் மாண்டிகோர் என்று சொந்தமாக ஒரு கம்பனி நடத்தினார்கள். அதில் பி.எஃப்.எம்., பாங்கோ என்ற இரண்டு இத்தாலியக் குழுக்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கதவைத் திறந்தால் எழுபதுகளின் இத்தாலி முழுக்க உள்ளே இருக்கிறது. பாங்கோவில் விட்டோரியோ, ஜியான்னி நோச்சென்சி என்று அண்ணன் தம்பி இருவர், இருவருமே கீபோர்டு. அவர்களுடைய 'டார்வின்!' (1972) இசைத்தட்டில் இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிக்கொண்டு பேசுகிற மாதிரி வாசிப்பார்கள்.

இத்தாலிக்கு இன்னொரு பாதையும் உண்டு. இங்கிலாந்தின் வேன் டர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் 'பான் ஹார்ட்ஸ்' (1971) சொந்த ஊரில் பெரிதாக எடுபடவில்லை, இத்தாலியில் விற்பனைப் பட்டியலின் உச்சிக்கே போனது. அந்தக் குழுவின் ஓர்கன்காரர் ஹ்யூ பான்டன் தானே ஓர்கனைக் குடைந்து மாற்றி அமைக்கிறவர், பேஸ் ஸ்வரங்களைக் காலாலேயே வாசிப்பார். (அவரைப் பற்றி நான் ஒருதலைப்பட்சமாகத்தான் பேசுவேன், திருத்துகிற சாதிப் பாசம்.) அங்கே பாடிய பீட்டர் ஹாமில், இத்தாலியின் லே ஓர்மே குழு செய்த 'ஃபெலோனா எ சொரோனா' (1973) இசைத்தட்டின் ஆங்கிலப் பதிப்புக்கு வரிகள் எழுதினார். நீங்கள் இத்தாலியப் பதிப்பையே கேளுங்கள். மொழி புரியாததை ஒரு குறையாக நினைக்காதீர்கள். தெலுங்குக் கீர்த்தனை கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன், கிட்டாருக்கென்று தனி ஆள் இல்லாத குழுக்கள். நேராகக் கீபோர்டின் பலத்தைப் பார்க்க இதுதான் குறுக்கு வழி. மூன்று பேர், அதில் ஒருவர் கீபோர்டு என்றால், கிட்டார் செய்ய வேண்டியதையும் வயலின் கூட்டம் செய்ய வேண்டியதையும் அவர் ஒருவரே இழுக்க வேண்டும். எக், லே ஓர்மே, ஜெர்மனியின் ட்ரையம்விராட், ஜப்பானில் பெண்களே நடத்திய ஆர்ஸ் நோவா, எல்லாம் இந்த வகை. எமர்சன் குழுவில் லேக் அவ்வப்போது கிட்டார் எடுப்பார், ஆனாலும் பாரம் இழுப்பது எமர்சன்தான். ஒரு ஸ்வரம் விடாமல் ஒலிக்கட்டும் என்று ஓர்கன் கட்டைகளுக்கு நடுவே கத்தியைச் சொருகுவார். படத்தில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதை மறுநாள் திருத்தியவன் யாரோ!

தாளம் குழப்புகிறது என்று விட்டுவிட்டு ஓடாதீர்கள். நம் ஆட்களுக்கு இதில் வெள்ளைக்காரனைவிடச் சுலபம். 'டார்கஸ்' (1971) தொடக்கம் ஐந்தில் போகிறது: தக தகிட, தக தகிட என்று தொடையில் தட்டுங்கள், கண்ட சாபு, முடிந்தது. எக் குழு ஏழைப் பற்றியே ஒரு பாட்டுப் போட்டது, அதற்குத் தகிட தகதிமி. பஜனைக்குக் கஞ்சிரா தட்டிய எந்தப் பையனும் இரண்டாம் தடவையில் பிடித்துவிடுவான்.

நீளம்தான் பலரைத் துரத்துகிறது. இருபது நிமிடப் பாட்டைக் கடையில் வேலைக்கு நடுவே கேட்டு எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. பதுளை ரயிலில்தான் பிடிபட்டது. தெமோதரை ஸ்டேஷனில் ரயில் நிற்கும், கிளம்பும், மலையைச் சுற்றி வளைந்து இறங்கும். கடைசியில் சுரங்கத்துக்குள் போகும்போது, சற்று முன் நின்ற அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே போய்க்கொண்டிருப்போம். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' காதில் ஓட, அதே வளைவில் எனக்கு ஒன்று உறைத்தது. தொடக்கத்தில் கேட்ட மெட்டு இப்போது வேறொரு உயரத்தில் திரும்பி வந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்த நீண்ட பாட்டைக் கேட்டாலும் முதல் மூன்று நிமிடத்தின் மெட்டை மனதில் முடிச்சுப் போட்டு வைப்பேன், அது எங்கே திரும்பி வருகிறது என்று காத்திருப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பிடிக்காவிட்டால் மூன்று தடவை கொடுங்கள். மூன்றுக்கும் மசியாததைத் தூக்கிப் போடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

நடைமுறைக்கு இரண்டு சொல். முழு இசைத்தட்டையும் இரவில் டேட்டா மலிவாக இருக்கும்போது இறக்கி வையுங்கள். மலைச் சரிவில் சிக்னல் அறுந்து பாட்டு நடுவில் நிற்பதைப் போல எரிச்சல் வேறில்லை. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ஓர்கனில் காலால் வாசிக்கிற பேஸ் ஸ்வரங்கள் அதில் வரவே வராது. டிஸ்காக்ஸ் என்ற தளத்தில் இசைத்தட்டின் பின் அட்டையில் இருக்கிற பெயர்கள், யார் எந்தப் பெட்டி வாசித்தார் என்பது உட்பட, இருக்கும். ஒரு பெயரைத் தொட்டால் அவர் வாசித்த மற்றதெல்லாம் வரும். என்னிடம் ஒரு பழைய சி.ஆர். கொப்பி (கெட்டி அட்டை நோட்டு) இருக்கிறது: இடப் பக்கம் ஆள், வலப் பக்கம் பெட்டி. இன்னும் அதில்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளோடு எல்லாம் முடிந்துவிட்டது என்பார்கள், நம்பாதீர்கள். ஸ்வீடனின் ஆங்லாகோர்ட் (Änglagård) குழு 1992-இல் 'ஹைப்ரிஸ்' என்று ஒன்று போட்டது, மெலோட்ரான் அதில் பழையபடி நடுங்குகிறது. பெயரின் முதல் எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி உண்டு, புள்ளி இல்லாமல் தேடினாலும் கிடைக்கும். ட்ரீம் தியேட்டர் குழுவில் 1999-இல் சேர்ந்த ஜோர்டன் ரூடஸின் விரல் வேகம் பையன்களுக்குப் பிடிக்கும். எனக்கு அவர் கொஞ்சம் மெதுவாக வாசிக்கும் இடங்கள் பிடிக்கும்.

இனிச் சோதனை முயற்சிகள். இதில் காலை மெதுவாக வையுங்கள். டாங்கரின் ட்ரீம் குழுவின் 'ஃபெட்ரா' (1974) முதலில். பாட்டு இல்லை, டிரம்ஸ் இல்லை, மூக் சீக்வென்சர் தானாக ஒரே ஸ்வர வரிசையைத் துடித்துக்கொண்டே இருக்கிறது. கவனித்துக் கேட்டால் போகப் போகச் சுருதி நகர்வது தெரியும். பெட்டி சூடேறியதால் நகர்ந்தது, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். நானாக இருந்தால் திருத்திக் கெடுத்திருப்பேன். அதற்குப் பிறகு பிரான்சின் மாக்மா; பாடுவதற்கென்றே ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டவர்கள், ரோட்ஸ் பியானோ ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப அடித்து ஆளை மந்திரித்துவிடும். மாரியம்மன் திருவிழாவில் தப்பு அடி ஏற ஏற யாருக்காவது அருள் வருமே, அந்த ஏற்றம் தெரியும்.

கடைசியாகத்தான் பெல்ஜியத்தின் யூனிவேர் ஸீரோ. அவர்களுடைய 'ஹெரெசி' (1979) இசைத்தட்டில் ஆர்மோனியம் வருகிறது, நம் ஆர்மோனியம். சின்ன வயதில் மார்கழி பஜனையில் அப்பா வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து துருத்தி போட்டவன் நான். விடியற்காலைக் குளிரில் துருத்தித் தோல் விறைத்து, முதல் நாலு இழுப்புக்குக் காற்று மட்டும் 'ஹ்ஹ்' என்று வரும், ஐந்தாவதில்தான் ஸ்வரம் பேசும். அந்த ஐந்தாவது இழுப்பின் சத்தத்தை வைத்து இவர்கள் பேய் வீடு கட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். கீபோர்டைப் பூட்டி முடிக்கும்வரை அவன் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து ரேடியோ திருத்தக் கொண்டுவந்த அக்கா ஒருத்தர் வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"யாரு தம்பி செத்துப்போனது?"